மரத்தளமும் மழைக்காலமும்



தீபாவளி நெருங்கும்போதுதான் வீட்டிற்குச் சாயம் பூசும் எண்ணம் நம்மில் பலருக்குப் பிறக்கிறது. சுவருக்கு அது பொருந்தலாம், மரத்திற்குப் பொருந்தாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை மிகுந்து பெய்யும் காலம் ஆண்டில் இரு முறை வருகிறது. ஒன்று ஏப்ரல் மாதத்தை ஒட்டியது. மற்றொன்று அக்டோபர், நவம்பர் மாதங்கள். தீபாவளியோ இந்த இரண்டாவது மழைக்குள் வந்து நிற்கிறது. நனைந்த பலகையில் எண்ணெய் இறங்காது. மேலே பூசும் பூச்சும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஆகவே, எங்கள் வீட்டு மரத்தளத்திற்குத் தீபாவளி ஜூலை மாதத்திலேயே, ஆடி பிறக்கும் வேளையிலேயே வந்துவிடுகிறது.

கிள்ளானில் எங்கள் வீட்டின் பின்புறம் 12 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட அந்தத் தளத்தை அமைத்தவர் என் தந்தையார். தோட்டத்து லயத்து வீடுகளைப் பிரித்தபோது விலைக்கு வாங்கி வந்த பலகைகள் அவை. மலாய்மொழியில் 'செஙால்' எனப்படும் வன்மரம். நம் செங்கல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டா. தந்தையார் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 74 வயதான என் தாயார் இன்றும் காலையில் அங்கே அமர்ந்துதான் கீரை ஆய்கிறார்.

கடந்த ஆண்டு இறுதி மழையில் தளத்தின் ஓர் ஓரத்தில் பாசி படர்ந்தது. அம்மாவின் கால் வழுக்கியது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டதால் விழாமல் தப்பினார். அன்று மாலையே தம்பி வந்துவிட்டான்.

"அக்கா, எல்லாத்தையும் பேத்துட்டு சிமெண்டு போட்டு ஓடு பதிச்சிடலாம். அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சா என்ன செய்யிறது?"

அம்மா அமைதியாகக் கேட்டார்: "ஓடு மட்டும் மழையில வழுக்காதாப்பா?"

இருவர் கேள்வியும் நியாயமானவையே. அப்பாவின் மீதுள்ள பாசத்திற்காகப் பாசியைப் பொறுத்துக்கொள்ள இயலாது. ஆயினும், பலகை கெட்டுவிட்டதா, அல்லது அதன்மேல் படர்ந்தது மட்டும்தானா என்று பாராமல் முடிவெடுப்பதும் முறையன்று. ஆகவே, முதலில் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

சோதனை மிக எளிது. ஒரு திருப்புளியின் முனையால் பலகை ஓரங்களையும், அடியில் தாங்கும் சட்டங்களின் நுனிகளையும் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் முனையை எதிர்க்கும். உளுத்த மரம் உள்வாங்கும். மரத்தை அழுகச் செய்வது பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டிற்குக் கீழ் இருந்தால் அது வளராது. எனவே மழை நம் எதிரியன்று. வடியாமல் தேங்கும் ஈரமே எதிரி. பலகைகளுக்கு இடையே ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது நீர் வடியவும் காற்று நுழையவும்தான். அங்கே சருகு அடைத்துக்கொண்டால் தளம் முழுதும் ஈரத்துணி போர்த்தியது போலாகிவிடும்.

அடுத்துக் கரையான். தரையிலிருந்து தூண் மீது மண்கோடு போன்ற குழாய் ஏறியிருந்தால் அது கரையானின் பாதை. அதைத் தட்டிவிட்டுக் கொசு மருந்தை அடிப்பதால் பயனில்லை. அது வேறு வழி தேடும். முறையாகப் பூச்சி ஒழிப்போரை அழைப்பதே நலம். செஙால் மரத்தின் வைரப்பகுதியைக் கரையான் எளிதில் தின்னாது. ஆனால் ஓரத்து வெளிர்மரத்திற்கு அந்த வன்மை கிடையாது.

எங்கள் தளத்தில் கரையான் இல்லை. இரண்டு பலகைகள் மட்டும் உளுத்திருந்தன. இரண்டுமே தண்ணீர்க் குழாயின் அடியில் இருந்தவை. ஆணிகளைச் சுற்றிக் கரிய கறை தெரிந்தது. மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் கலந்து உண்டாக்கும் கறை அது, அழுகல் அன்று. தம்பியே குனிந்து பார்த்து, "மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு," என்றான்.

ஜூலையில் நான்கு நாள் மழையின்றி வெயில் காய்ந்தது. வேலையைத் தொடங்கினோம். உளுத்த பலகைகளை மாற்றித் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளால் பொருத்தினோம். தண்ணீர்க் குழாயை வேறு பக்கம் திருப்பினோம். இடைவெளிகளிலிருந்த சருகை என் பிள்ளைகள் இருவரும் பழைய கத்தியின் மழுங்கிய முனையால் நோண்டி எடுத்தனர். மென்மையான சவர்க்கார நீர் விட்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தோம். அழுத்தமாய்ப் பீய்ச்சும் இயந்திரத்தை அருகில் வைத்து அடித்தால் மரத்தின் நார் எழும்பிவிடும். பின்னர் பாசி பிடிக்க அதுவே வசதியாகிவிடும். முற்றிலும் உலர்ந்த பின்னர் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, எண்ணெயை மெல்லியதாக இரு முறை பூசி, மிகுந்ததைத் துடைத்தெடுத்தோம். படிக்கட்டு ஓரத்தில் சொரசொரப்பான பட்டையும் ஒட்டியாயிற்று.

எண்ணெய் வேண்டுமா, வேண்டாமா என்றறியச் சில துளி நீரைத் தெளித்துப் பாருங்கள். முத்தாக நின்றால் இன்னும் தேவையில்லை. உறிஞ்சப்பட்டால் காலம் வந்துவிட்டது.

பெற்றோர்கள் இரண்டு செய்திகளைக் கட்டாயம் நினைவிற்கொள்ள வேண்டும். ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது உலரும்போது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் நனைத்து வையுங்கள். மருந்தேற்றிய மரத்துண்டுகளை அடுப்பிலோ குப்பையிலோ எரிக்காதீர்கள். சிலவற்றில் ஆர்சனிக் நஞ்சு உண்டு.

மரம் நிலைக்காது என்னும் எண்ணம் நம் நகரத்திற்குப் பழையதுதான். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரமும் அத்தாப்பும் கொண்டு எழுந்திருந்த கோலாலம்பூரை அழித்தன. அதன்பின் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டும்படி ஆணை பிறந்தது. அந்தச் செங்கற்களைச் சுட்ட சூளைகளால்தான் பிரிக்பீல்ட்ஸ் தன் பெயரைப் பெற்றது. ஆனால் நெகிரி செம்பிலானில் உள்ள ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையை எண்ணிப் பாருங்கள். 1908இல் கட்டி முடிக்கப்பட்ட அது, இரும்பு ஆணியின்றி 99 மரத்தூண்கள் மீது எழுப்பப்பட்டது. தரையை விட்டு உயர்ந்து, அடியில் காற்றோட வைத்துக் கட்டும் அறிவும், காலந்தோறும் பழுது பார்க்கும் கையும் இருந்தால் மரமும் நூறாண்டைக் கடக்கும்.

மாணவர்களுக்கு நாம் புதிதாகச் செய்யக் கற்பிக்கிறோம். செய்ததைப் பேணக் கற்பிக்கும் வாய்ப்பு குறைவு. எண்ணெய்த் தூரிகையுடன் என் மகள் கேட்டாள்: "அம்மா, இது அடுத்த வருசமும் செய்யணுமா?" ஆம் என்றேன். "அப்படின்னா எப்போதான் முடியும்?" என்றாள். பல் துலக்குவது எப்போது முடியும் என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டு மீண்டும் பூசத் தொடங்கினாள்.

ஓடு பதிக்கக் கேட்ட தொகையில் கால்பங்குகூடச் செலவாகவில்லை. எனினும் தம்பியிடம் ஒன்றை உறுதியாகக் கூறியிருக்கிறேன். வரும் ஆண்டுகளில் திருப்புளி முனை அடிச்சட்டங்களில் இறங்குமானால், அப்பா போட்ட தளம் என்பதற்காக அதை நான் காக்கமாட்டேன். அதுவரை பிப்ரவரியில் ஒரு முறையும் ஜூலையில் ஒரு முறையும் சோதனை நடக்கும்.

உங்கள் வீட்டில் மரப்படியோ, மரத் திண்ணையோ இருந்தால், அடுத்த மழைக்கு முன் ஒரு திருப்புளியோடு குனிந்து பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.