அடிக்காமல் விட்ட பந்து

பேஸ்பால் மைனர் லீக்கில் ஆடும் ஓர் இளம் பேட்டர் தேறுவானா என்று என்னிடம் கேட்க வருகிறவர்கள், அவனுடைய சராசரியைக் கையோடு கொண்டுவருவார்கள். முந்நூறை, அதாவது 0.300ஐ, தாண்டினால் நட்சத்திரம், இருநூற்றிருபது என்றால் பையன் வேறு பிழைப்பு பார்க்கலாம். நான் அந்த எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன். கேஜில் நின்று பிள்ளைகளுக்குப் பந்து போட்டுப் போட்டு எனக்கு ஊறிப்போன எண்ணம் இது: ஒருவன் அடிக்காமல் விட்ட பந்துகளைப் பார்த்தால் அவன் எதிர்காலம் பாதி தெரிந்துவிடும்.

காரணம், அவனுக்குக் கிடைக்கிற நேரம். பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகப் பந்து அதைக் கடக்க ஏறக்குறைய 0.4 வினாடி. மட்டையைச் சுழற்றவே 0.15 வினாடி போய்விடும். இது வேகப் பந்தா, ஸ்லைடரா, எங்கே வந்து விழும், அடிப்பதா விடுவதா என்பதெல்லாம் மிச்சமுள்ள கால் வினாடிக்குள் முடிவாக வேண்டும். கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இங்கே விட்ட பந்து ஸ்ட்ரைக் ஜோனுக்குள் வந்திருந்தால் அதுவும் ஒரு ஸ்ட்ரைக். மூன்றானால் ஆள் அவுட். ஜோனுக்கு வெளியே போன பந்தை விட்டால் அது ‘பால்’; நான்கு பால் ஆனால் அடிக்காமலே முதல் பேஸ், அதாவது ‘வாக்’. ஆக, விடுவதும் ஒரு துணிச்சல்தான்.

ஒரு பால், இரண்டு ஸ்ட்ரைக் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடர் வருகிறது. பாதி வழிவரை பிளேட்டின் நடுவைப் பார்த்து வந்து, கடைசியில் வெளிப்பக்கம் சறுக்கி இறங்கும். பழகாத பையனுக்கு முன்கால் தரையைத் தொடும்போதே இடுப்பு திறந்துவிடும், கை பின்னாலேயே ஓடும், உடம்புப் பாரம் முழுக்க முன்கால் விரலில் வந்து நிற்கும். மட்டை பந்துக்கு மேலே காற்றை வெட்டும். கேட்டால், “ஸ்ட்ரைக் மாதிரிதான் தெரிஞ்சது, கோச்” என்பான். தேறுகிற பையனுக்கும் முன்கால் இறங்கும். ஆனால் கை பின்தோளுக்குப் பக்கத்திலேயே காத்திருக்கும். மட்டை ஒரு சாண் அசைந்து நின்றுவிடும். கேட்சர் பந்தை மண்ணில் அமுக்கிப் பிடிப்பார். ஸ்கோர் அட்டையில் அது வெறும் ஒரு பால். என் நோட்டில் அதற்கு ஒரு டிக் உண்டு.

1994இல் மைக்கேல் ஜோர்டான் கூடைப்பந்தை விட்டுவிட்டு பர்மிங்ஹாம் பாரன்ஸ் அணிக்கு ஆட வந்தார். அது மைனர் லீக்கில் டபுள்-ஏ நிலை. சீசன் தொடக்கத்தில் தொடர்ந்து 13 ஆட்டங்களில் ஹிட் எடுத்தார். பிறகு பிட்சர்கள் வளையும் பந்துகளுக்கு மாறினார்கள். முடிவில் சராசரி 0.202, ஸ்ட்ரைக் அவுட் 114. அவருடைய உடல்திறனில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வளையும் பந்தைப் படிக்கும் கண், ஆயிரக்கணக்கான பந்துகளைச் சின்ன வயதிலேயே பார்த்துப் பார்த்து வருவது. அவருக்கு அப்போது 31 வயது. கீழ்நிலை லீக்குகளை வேகத்தை வைத்தே சமாளித்துவிடும் பையன்கள் பலர் டபுள்-ஏயில் வந்துதான் திணறுகிறார்கள். பால்-ஸ்ட்ரைக் கணக்கு எப்படி இருந்தாலும் வளையும் பந்தை ஜோனுக்குள் போடத் தெரிந்த பிட்சர்கள் அங்கே நிறையப் பேர்.

திணறல் மட்டுமே தீர்ப்பாகிவிடாது. ஆரன் ஜட்ஜ் 2016இல் மேஜர் லீக்கின் யாங்கீஸ் அணிக்கு வந்தபோது 84 அட்-பேட்டில் 42 ஸ்ட்ரைக் அவுட், சராசரி 0.179. அடுத்த ஆண்டு 52 ஹோம் ரன், 127 வாக். ஸ்ட்ரைக் அவுட் அப்போதும் 208 இருந்தது; தனக்கான பந்து வரும்வரை காத்திருந்ததில்தான் அவர் மாறினார். 2022 டிராஃப்ட்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜாக்சன் ஹாலிடே, 2024 ஏப்ரலில் 20 வயதில் மேஜர் லீக்கின் ஓரியோல்ஸ் அணிக்கு வந்தார். 34 அட்-பேட்டில் 2 ஹிட், 18 ஸ்ட்ரைக் அவுட். நார்ஃபோக்கின் டிரிபிள்-ஏ அணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஜூலை 31இல் மறுபடி அழைத்தார்கள். அன்றே கிராண்ட் ஸ்லாம் அடித்தார்.

விடத் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு வாக்குக்கே காத்திருக்கிறவனைப் பிட்சர்கள் சீக்கிரம் கண்டுபிடித்து, ஜோனுக்குள்ளேயே போட்டு அனுப்பிவிடுவார்கள். அதனால் நான் கூடவே இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, அடித்த பந்து மட்டையை விட்டு எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது. 95 மைலுக்கு மேல் அடிக்கடி போனால், ஃபீல்டர் கைக்கே போனாலும் எனக்குக் கவலையில்லை. இன்னொன்று, அந்த லீக்கின் சராசரி வயதைவிட அவன் எவ்வளவு இளையவன் என்பது.

பயிற்சியும் இதற்கேற்றபடிதான். சில நாள் மட்டையைச் சுழற்றவே விடமாட்டேன். அடிக்கும் நிலையில் நின்று, பந்து பாதி வழி வருவதற்குள் “அடி” அல்லது “விடு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பையன்களுக்கு இது அலுப்பு. அப்பாக்களுக்கு அதைவிட அலுப்பு.

இப்போது என்னிடம் வரும் இருபது வயதுப் பையனின் சராசரி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் சென்ற ஆண்டு அவன் துரத்திய ஸ்லைடரை இந்த ஆண்டு விடுகிறான். பந்து பட்டால் வேகம் இருக்கிறது. அடுத்த சீசன் டபுள்-ஏ போவான் என்று நினைக்கிறேன். ஜூன் மாதம் வரை அவனிடம் சராசரியைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று அவன் அப்பாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.