அம்மா சொன்ன வாய்வு

செவ்வாய், திண்டுக்கல்

காலையில் அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் நான்கு சிறு துளைகள்தான். 1988இல் பெரியத்தைக்கு இதையே செய்தபோது வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் கிழித்தார்கள். டெஹம்டன் உத்வாடியா என்ற டாக்டர் மும்பையில், இந்தியாவிலேயே முதன்முதலாகத் துளை போட்டுப் பித்தப்பையை எடுத்தது 1990இல். அத்தையின் தழும்பைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அம்மா வயிற்றில் நாலு பிளாஸ்திரியைக் கண்டதும் பாதிக் கவலை போயிற்று.

புதன், விடியற்காலை 3 மணி

"வயித்தவிடத் தோள்பட்டைதான் கடுக்குது தாயி" என்று எழுப்பினாள். நெஞ்சுவலியோ என்று எனக்குக் கை நடுங்கியது. ஈசிஜி எடுத்தார்கள், கோளாறு இல்லை. "கேஸ்தான், போயிரும்" என்றார் டாக்டர். இந்த ஒரு வரியை யாராவது முந்தின நாளே சொல்லியிருக்கலாம்.

வியாழன், அகரம்

பக்கத்து வீட்டுச் சித்தி ஓமத்தண்ணியோடு வந்தாள். "வாய்வு புடிச்சிருக்கு." அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். வாய்வு என்பது சரி, ஆனால் அது குடலுக்குள் இல்லை. கருவிகள் புழங்க இடம் வேண்டி வயிற்றறைக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்பவைக்கிறார்கள். அது உதரவிதானத்தை இழுத்து உறுத்துகிறது. உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவது. தோளுக்கும் அதே இடத்திலிருந்து நரம்பு போகிறது. சேதி எங்கிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரித்தறிய முடியாமல் தோள் வலிக்கிறது. மிஞ்சிய வாயுவை ரத்தம் உறிஞ்சி, நுரையீரல் வழியே மூச்சோடு அனுப்பிவிடும். ஓமத்தண்ணி அங்கே எட்டாது. ஆனாலும் அம்மா ரெண்டு மடக்கு குடித்தாள். அந்தச் சூடு அவளுக்கு இதமாக இருந்தது.

வெள்ளி

அறுவை செய்த டாக்டரிடம் போனில் கேட்டேன். வாயுவின் அழுத்தம் வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். குறைத்து வைத்தால் தோள்வலி குறையும், உள்ளே பார்க்கும் இடமும் குறுகும். முடிக்கும்போது வாயுவை முழுக்க வெளியேற்றுவதும், துளைகளில் மரப்பு ஊசி போடுவதும் உதவும். பித்தப்பை அழற்சி கண்டு வீங்கியிருந்தால் வலி கூடலாம். பயந்து கிடப்பவர்களுக்கும் கூடலாம் என்றார். அறுவைக்கு முந்தின ராத்திரி அம்மா கண்ணே மூடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானாவது நாலு வார்த்தை பேசியிருக்கலாம். பில் கட்டும் கவலையில் இருந்துவிட்டேன்.

காய்ச்சல், மஞ்சள் காமாலை, ஏறிக்கொண்டே போகும் வயிற்றுவலி, எது வந்தாலும் உடனே கூட்டிவரச் சொன்னார்.

சனி

தோள்வலி விட்டுவிட்டது. முத்தாலம்மன் கோயில் வரை மெல்ல நடந்து வந்தோம்.

புதன், திண்டுக்கல்

காட்டிவிட்டு வரப் போனோம். மறுநாள் இதே அறுவைக்கு வந்திருந்த ஒரு பெண் பெஞ்சில் பேச்சின்றி உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தோள்பட்டை கடுக்கும் தாயி. வயித்துக்குள்ள விடுற காத்துதான். ரெண்டு மூணு நாள்ல போயிரும், பயந்துராத."