வெறுங்கூடு அன்று

பரங்கிமலையில் 1963 முதல் இராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சிக்கூடம் இயங்கி வருகிறது. படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் திருமுக்கூடலில் நம்மிடம் நகைத்தவாறு கூறினார்: “சாமி, பயிற்சியில் எதிரியைவிட அஞ்சத்தக்கவன், கைத்துப்பாக்கியோடு திரும்பிச் சந்தேகம் கேட்கும் புதியவனே!” நாமும் நகைத்தோம். எனினும் அதில் உண்மையுண்டு. குழல் குறுகியதாதலால், மணிக்கட்டு சற்றே திரும்பினும் குறி அடுத்தவர்மீது விழும். தோட்டாக்கூட்டைக் கழற்றிய பின்னரும் உள்ளறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். ஆகவே, எத்துப்பாக்கியையும் நிரம்பியதாகவே கருதவேண்டும் என்பது முதற்பாடம்.

நம் இல்லங்களில் துப்பாக்கி இல்லை, நாவு உண்டு. ‘விளையாட்டுக்குத்தானே சொன்னேன்’ என்பார் கணவர். மனைவியோ உண்ணாமல் உறங்கச் செல்வார். வெறுங்கூடு என்றெண்ணிய சொல்லில் ஒரு தோட்டா இருந்துவிட்டது. வாய் திறக்குமுன், நம் சொல் யாரை நோக்கி நிற்கிறதெனப் பார்த்துக்கொள்வோமாக.