பட்டியலில் இல்லாத பெயர்

இவ்வாரச் சிந்தனையைக் கிரிக்கெட்டிலிருந்து தொடங்குகிறேன். உங்களில் சிலர் புன்னகைப்பீர்கள். சிலர் முகம் சுளிப்பீர்கள். இரு சாராரும் இறுதிவரை வாசிக்கும்படி வேண்டுகிறேன். ஏனெனில் இது நான் செய்த ஒரு தவற்றைக் குறித்த அறிக்கையும் ஆகும்.

2019 டிசம்பர் 31ஆம் தேதி இரவில் நடந்தது இது. அந்த இரவில் நம் ஊர் எப்படியிருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மலையில் திருப்படித் திருவிழா. 365 படிகளிலும் பாடிக்கொண்டே ஏறும் கூட்டம். ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெரு வரை வெளியூர் மக்கள். நம் ஆலயத்திலோ நள்ளிரவு ஆராதனைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நாற்காலிகளைப் போட்டு முடித்த வாலிபர் ஏழெட்டுப் பேர் முகப்பில் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்குள்ளே பெரும் வாக்குவாதம். ஏதோ சண்டை என்று எண்ணி நான் அருகே சென்றேன்.

"ஐயா, நல்ல நேரத்தில் வந்தீர்கள். இன்றோடு இந்தப் பத்தாண்டு முடிகிறது. 2010 முதல் 2019 வரை சென்னை சூப்பர் கிங்ஸுக்காக ஆடியவர்களில் சிறந்த பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். நடுவராக இருங்கள்" என்றார்கள்.

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கும் அதில் ஆர்வம் உண்டு என்பதை இனி மறைப்பதில் பயனில்லை.

வியப்புக்குரிய பத்தாண்டுதான் அது. சூதாட்ட வழக்கின் காரணமாக 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் அந்த அணி தடைசெய்யப்பட்டிருந்தது. அந்தக் களங்கத்தை வாலிபர்களும் மறைக்கவில்லை. எஞ்சிய எட்டுப் பருவங்களில் ஏழு முறை இறுதிப்போட்டிக்கு வந்தார்கள். 2010, 2011, 2018 ஆகிய மூன்று முறை கோப்பை. நான்கு முறை தோல்வி. அவற்றுள் கடைசித் தோல்வி, 2019 மே மாதம் ஐதராபாத்தில் ஒரே ஒரு ஓட்டத்தில் நேர்ந்தது.

விவாதத்துக்கு ஒரு விதி இருந்தது. ஐபிஎல் போட்டியில் களமிறங்கும் பதினொருவரில் நான்கு பேருக்கு மேல் வெளிநாட்டவர் இருக்கலாகாது. இந்தப் பட்டியலும் அதற்கு உட்பட வேண்டும்.

சில பெயர்கள் எதிர்ப்பே இல்லாமல் எழுதப்பட்டன. தோனியைக் குறித்து யாரும் வாய் திறக்கவில்லை. ரெய்னாவும் அப்படியே. 2008 முதல் 2015 வரை சென்னைக்காக ஒரு போட்டியைக்கூட அவர் தவறவிடவில்லை. முதல் ஏழு பருவங்களிலும் 400க்கு மேல் ஓட்டங்கள் குவித்தார். 2011 இறுதிப்போட்டியின் முதல் ஓவரிலேயே கெயிலை ஓட்டமின்றி வெளியேற்றிய அஸ்வின், அதே போட்டியில் 95 ஓட்டங்கள் அடித்த முரளி விஜய், 2012இல் வந்து சேர்ந்த ஜடேஜா ஆகியோருக்கும் இடம் உறுதியாயிற்று. வெளிநாட்டவரில், 2013ஆம் ஆண்டு 733 ஓட்டங்கள் எடுத்த மைக்கேல் ஹசியும், அதே ஆண்டு 32 விக்கெட்டுகளையும் 2015இல் 26 விக்கெட்டுகளையும் வீழ்த்தித் தொடரின் முதலிடம் பெற்ற பிராவோவும் வந்தார்கள்.

ஏழு பெயர்கள் பத்து நிமிடத்தில் முடிந்தன. எஞ்சிய நான்கு பெயர்களுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

முதலில் வாட்சனைக் குறித்துப் பேசினார்கள். 2018 இறுதிப்போட்டியில் முதல் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டமும் எடுக்காமல் நின்று, பிறகு 57 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் குவித்தவர் அவர். அடுத்த ஆண்டு இறுதிப்போட்டியில் முழங்காலில் இரத்தம் கசியக் கசிய ஆடி 80 ஓட்டங்கள் எடுத்தார். "இவரை விட்டுவிட்டு ஒரு பட்டியலா?" என்று ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். "அவர் இங்கே ஆடியது இரண்டே பருவங்கள். டு பிளெஸ்ஸி 2012 முதல் நம்மோடு இருக்கிறார்" என்றான் மற்றொருவன். அணிக்குப் பெரிய நாளில் கைகொடுத்தவனா, பல நாள்கள் உடனிருந்தவனா? இக்கேள்விக்கு அவர்களால் விடை காண இயலவில்லை. வாக்கெடுப்பில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் டு பிளெஸ்ஸி வந்தார்.

வேகப்பந்து வீச்சாளர் இருவருக்கான இடங்களிலும் இழுபறிதான். 2010இல் பருவத்தின் நடுவே வந்து சேர்ந்து அணியைத் தூக்கி நிறுத்திய போலிஞ்சரா, நாற்பது வயதில் 26 விக்கெட்டுகள் எடுத்த சுழற்பந்து வீச்சாளர் தாகிரா என்று நெடுநேரம் பேசி, போலிஞ்சரை எழுதினார்கள். மோகித் சர்மாவும் தீபக் சாகரும் ஏறக்குறைய சமமாக நின்றார்கள், சாகர் முந்தினார்.

கடைசி இடம் நடுவரிசை மட்டையாளருக்கானது. இங்கேதான் எனக்குரிய பாடம் காத்திருந்தது.

போட்டி அம்பத்தி ராயுடுவுக்கும் பத்ரிநாத்துக்கும் இடையே. நம் ஊரின் இயல்பை எண்ணிப் பாருங்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி வரை திருத்தணி ஆந்திரத்தோடு இருந்தது. இன்றும் நம் தெருக்களில் இரு மொழிகளும் ஒலிக்கின்றன; ஒரே வீட்டில் அண்ணன் சென்னை அணிக்கும் தம்பி ஐதராபாத் அணிக்கும் கைதட்டுவதுண்டு. ஆகவே குண்டூரைச் சேர்ந்த ராயுடுவுக்குத் தெலுங்கு பேசும் பிள்ளைகளும், சென்னையைச் சேர்ந்த பத்ரிநாத்துக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் வாதிடுவார்கள் என்று எண்ணினேன். நடந்தது நேர்மாறாக இருந்தது. ராயுடுவுக்காகப் பேசியவன் தமிழ்ப் பையன். "2018இல் 602 ஓட்டங்கள். அதிலும் ஐதராபாத்துக்கு எதிராகவே சதம்" என்றான். பத்ரிநாத்துக்காகப் பேசியவள் நகரிப் பக்கத்திலிருந்து வரும் தெலுங்குக் குடும்பத்துப் பெண். கல்லூரியில் படிப்பவள். அவள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. புள்ளிவிவரங்களையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தாள்.

"2011ஆம் ஆண்டு அவர் 396 ஓட்டங்கள் எடுத்தார். விக்கெட்டுகள் சரிந்த நாள்களில் வந்து நின்று ஆடினார். இறுதிப்போட்டியில் விஜயும் ஹசியும் முதல் விக்கெட்டுக்கே 159 ஓட்டங்கள் சேர்த்துவிட்டார்கள். அவரை நம்பி நிற்கும் நிலையே அணிக்கு வரவில்லை. ஆகையால் கோப்பையை நினைக்கும்போது அவர் முகம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை" என்றாள்.

கடைசியில் ராயுடுவே வென்றார். பையன் பேனாவை எடுத்துப் பத்ரிநாத்தின் பெயரை அடிக்கப் போனான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"எடுக்காவிட்டால் பரவாயில்லை அண்ணா. ஏன் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடியுங்கள்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் அவள் சொன்னபடியே செய்தார்கள். பட்டியலுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, விடப்பட்டவர்களின் பெயர்களையும் ஒவ்வொருவர் செய்ததையும் ஒவ்வொரு வரியில் எழுதினார்கள். வாட்சன், தாகிர், மோகித் சர்மா, பத்ரிநாத். இவர்களோடு, 2012இல் பெங்களூருக்கு எதிராகக் கோலியின் ஒரே ஓவரில் 28 ஓட்டங்கள் அடித்து ஆட்டத்தைத் திருப்பிய ஆல்பி மார்க்கல்.

நான் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது அவளுடைய தகப்பனாரின் முகம் என் நினைவுக்கு வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று நம் சபையின் பத்தாண்டு மலரை உங்கள் கைகளில் கொடுத்தோம். அதில் இப்பத்தாண்டுகளில் ஊழியத்தில் துணைநின்றவர்களின் பட்டியல் இரண்டு பக்கங்களுக்கு இருந்தது. பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, கட்டடப் பணி, கணக்கு என்று துறைவாரியாக எழுதப்பட்டது. எழுதியவன் நான். ஒரே இரவில், என் அறையில் தனியாக அமர்ந்து, நினைவிலிருந்து எழுதினேன்.

அந்தப் பெண்ணின் தகப்பனார் விசைத்தறித் தொழிலாளி. பத்தாண்டுகளாக ஞாயிறுதோறும் நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்கிறவர். அவருக்கு இருபுறமும் தமிழ் அறியாத முதியவர்கள் ஐந்தாறு பேர் அமர்வார்கள். நான் பேசப் பேச, அவர் மெல்லிய குரலில் அவர்களுக்குத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே வருவார். யாரும் அவரை அந்தப் பணிக்கு நியமிக்கவில்லை. அதற்கு ஒரு துறை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. தொடக்க காலத்தில் அந்த முணுமுணுப்பு எனக்கு இடையூறாகக்கூட இருந்தது, பின்பு பழகிப்போயிற்று. பழகிப்போனது கண்ணுக்குப் படுவதில்லை. என் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

வேண்டுமென்று நான் அவரை விடவில்லை. சீர்தூக்கிப் பார்த்து விட்டேனா என்றால் அதுவும் இல்லை. அவர் பெயர் என் முன்னே வரவேயில்லை. இதுதான் என்னை மிகவும் வாட்டியது. அந்த வாலிபர்கள் ஒரு விளையாட்டுக்காக ஒன்றரை மணி நேரம் வாதாடினார்கள். நினைவு தவறிய இடத்தில் நோட்டுப் புத்தகம் பேசியது. எண்கள் சொல்லாததை நினைவு சொன்னது. ஒவ்வொரு பெயருக்கும் பரிந்து பேச ஒருவர் இருந்தார். நானோ வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்க்கவில்லை, ஒருவரிடமும் கேட்கவில்லை. "இவரை மறந்துவிட்டீர்களே ஐயா" என்று சொல்ல என் மேசையருகே யாரையும் நான் அமர்த்திக்கொள்ளவில்லை.

நம்முடைய ஆண்டவரின் சீடர்களும் தங்களுக்குள் யார் பெரியவர் என்று வழியில் தர்க்கம் பண்ணினார்கள் என்பதை அறிவோம். அவர் விசாரித்தபோது அவர்கள் பேசாமலிருந்தார்கள். ஒவ்வொருவரும் தமக்காக வாதாடியதால் வந்த வெட்கம் அது. நம் வாலிபர்களின் தர்க்கத்தில் ஒருவரும் தமக்காகப் பேசவில்லை. தாம் நேரில் கண்டிராத மனிதர்களுக்காகத் தொண்டை வறளப் பேசினார்கள். அப்படிப்பட்ட வாக்குவாதம் நம் சபைக் கூட்டங்களிலும் நடக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

புத்தாண்டு அன்று மாலை அவருடைய வீட்டுக்குச் சென்றேன். தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"பார்த்தேன் அய்யகாரு. இரண்டு முறை பார்த்தேன். ஒருவேளை அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று" என்றார்.

"பரவாயில்லை" என்று அவர் சொல்லியிருந்தால் நான் இலேசான மனத்தோடு திரும்பியிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை, உண்மையைச் சொன்னார். அதற்காக அவருக்கு நன்றியுள்ளவனாயிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். காப்பி வந்தது. குடித்து முடித்துப் புறப்படும்போது வாசல்வரை வந்து, "ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். நீங்கள் வேகமெடுத்தால் பாதியைத்தான் என்னால் சொல்ல முடிகிறது" என்றார்.

பத்தாண்டுகளாக என் பிரசங்கத்தை என்னைவிடக் கவனமாகக் கேட்டவர் அவர் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். தம் பெயரை இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மலரோடு இணைக்க ஒரு திருத்தப் பக்கம் அச்சாகிறது. அதில் அவர் பெயர் இருக்கும். இம்முறை அப்பக்கத்தை நான் தனியாக எழுதப்போவதில்லை. வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் முகப்பில் அமர்ந்து எழுதுவோம். வேறு யாரையேனும் நான் மறந்திருந்தால் வந்து வாதாடுங்கள். அந்தப் பெண் தன் நோட்டுப் புத்தகத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் பணியிடத்திலும் இப்பத்தாண்டைத் திரும்பிப் பார்த்திருப்பீர்கள். பெரிய நாளில் கைகொடுத்தவர்கள் உடனே நினைவுக்கு வருவார்கள்; அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். பிறகு ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே யார் பெயர் வரவேண்டும் என்று உங்களோடு வாழ்கிறவர் ஒருவரிடம் கேளுங்கள். உங்கள் நினைவு எட்டாத ஒரு பெயர் அவர் நினைவில் இருக்கக்கூடும். அந்தப் பெயருக்குரியவர் இன்னும் அருகில்தான் இருக்கிறார் என்றால், தாமதியாமல் சென்று பாருங்கள்.

வருகிற ஞாயிறு நான் மெதுவாகப் பேசுவேன். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.