துளையிட்ட எஃகும் வரியோடிய குழலும்

நான் வாதாடிய ஒரு சுங்க வழக்கில் கட்சிக்காரர் துப்பாக்கி பழுது பார்ப்பவர். அதற்கான லைசென்ஸ் அப்பா காலத்திலிருந்தே உண்டு. அவர் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ரைஃபிள் கிளப்பில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள். ஐம்பது மீட்டர் போட்டிக்கான 0.22 ரைஃபிளில் ஈயக் குண்டு அவ்வளவு சீக்கிரம் குழலைத் தேய்க்காது. அதைக் கெடுப்பது கடற்காற்றின் துருவும், வாய்ப்பக்கமாகவே திணித்துத் திணித்து இழுக்கும் துடைப்புக் கம்பியும்தான். வாய் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால் குறி கலைந்துவிடும். புது ரைஃபிள் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே வழி, பழைய ரைஃபிளுக்குப் புதுக் குழல் மாற்றுவது.

அதற்காக அவர் வெளிநாட்டிலிருந்து ‘பேரல் பிளாங்க்’ தருவித்தார். உள்ளே வரிப்பள்ளம் ஓடியிருக்கும்; தோட்டா அறை குடைந்திருக்காது, வாய் செதுக்கியிருக்காது, மரை வெட்டியிருக்காது. முடித்த குழலை விட விலை மிகக் குறைவு. பார்சலில் அதனோடு வெறுமனே துளையிட்ட சில எஃகுத் தண்டுகளும் இருந்தன. லேத்தில் கைபழக வாங்கியவை அவை. சுங்கத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள்.

இன்வாய்ஸில் ‘எஃகுக் குழாய்’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் விற்றவர். அந்த ஒரு சொல் வழக்கை இரட்டிப்புக் கனமாக்கியது. ஆயுதப் பாகத்தை அனுமதியில்லாமல் கொண்டுவந்தது ஒரு குற்றச்சாட்டு. பொய்யான விவரம் கொடுத்தது இன்னொன்று. ஷோ காஸ் நோட்டீஸில் சுங்கச் சட்டம் 1962-இன் 111, 112, 114ஏஏ ஆகிய மூன்று பிரிவுகளும் வரிசையாக வந்தன.

வாதத்துக்குத் தயாராக அவரை உட்காரவைத்துப் பல மாலைகள் கேட்டேன். ஏன் இதை வாங்கினீர்கள், ஏன் விலை குறைவு, எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள்? அவர் சொன்ன விதத்தில் ஒரு தொழில்காரரின் நேர்மை தெரிந்தது. வரிப்பள்ளத்தை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கும் முறை மெதுவானது, விலை கூடியது. கார்பைடு பொத்தானைத் துளைக்குள் இழுத்துப் பள்ளத்தை அழுத்திப் பதிக்கும் முறை வேகமானது, மலிவு. ஆனால் அழுத்தம் வாங்கிய எஃகு இறுக்கத்தை உள்ளே வைத்திருக்கும்; வெளிப்புறத்தைக் கடைந்து மெல்லிசாக்கினால் உள்துளை சீரில்லாமல் விரியும். அதனால் மலிவான பிளாங்க் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, பள்ளம் பதித்த பிறகு சூடேற்றி இறுக்கம் தளர்த்தினார்களா என்பது. முனை வரை ஒரே பருமனாக இருப்பதை வாங்கினால் கடைசல் வேலை குறையும், காசும் மிஞ்சும். குரோம்-மாலி எஃகு மலிவு. ஆனால் கடலோர ஊரில் துருவுக்குத் தாங்காது என்பதால் சிலருக்கு ஸ்டெயின்லெஸ்தான் முடிவில் லாபம். 0.22 குண்டுக்குப் பள்ளம் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கினால் போதும். இத்தனையும் விசாரித்துத்தான் வாங்கியிருந்தார். இறக்குமதி அனுமதியைப் பற்றி மட்டும் விசாரிக்கவில்லை.

அவரைக் குழப்பியது அமெரிக்கச் சந்தை. அங்கே 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி என்று பதிவாவது குழல் பொருந்தும் உடற்பகுதியான ரிசீவர்தான். குழலை மட்டும் அந்நாட்டுக்குள் தபாலில் வாங்க மத்திய அரசின் லைசென்ஸ் கேட்பதில்லை. நம் ஆயுதச் சட்டம் 1959 அப்படியில்லை. அதன் இரண்டாவது பிரிவு தரும் வரையறையிலேயே துப்பாக்கியின் பாகங்கள் சேர்கின்றன. பத்தாவது பிரிவு இறக்குமதிக்குத் தனி லைசென்ஸ் கேட்கிறது. பழுது பார்க்கும் லைசென்ஸ் அதற்கு ஈடாகாது. சிறு பாகங்களுக்கு 45-ஆவது பிரிவில் விலக்கு உண்டு, ஆனால் குழலைச் சிறு பாகம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே வழக்கு வந்து நின்ற இடம், முடியாத பொருள் எப்போது முடிந்த பொருளாகக் கணக்காகும் என்பது. சுங்க வரி அட்டவணையின் பொது விளக்க விதிகளில் இரண்டாவது விதி, முழுமை பெறாத பொருளும் முழுப்பொருளின் சாரமான தன்மையைப் பெற்றிருந்தால் முழுப்பொருளாகவே கொள்ளப்படும் என்கிறது. அதன் விளக்கக் குறிப்பு பிளாங்க் எது என்றும் சொல்கிறது: முடிந்த பாகத்தின் தோராய வடிவம் இருக்க வேண்டும், அபூர்வமான நேரங்கள் தவிர அந்தப் பாகமாக முடிப்பதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். 9305 என்ற தலைப்பில் துப்பாக்கிப் பாகங்கள். 73-ஆம் அத்தியாயத்தில் சாதாரண இரும்புக் குழாய்கள்.

தோட்டா அறையே இல்லாததில் எப்படிச் சுடுவது என்று வாதாடினேன். துறை தரப்பு அதிகாரி பிளாங்கை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். முறுக்கிக்கொண்டு போகும் பள்ளங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஹைட்ராலிக் குழாயிலோ தண்ணீர்க் குழாயிலோ இதற்கு வேலை உண்டா என்று கேட்டார். இல்லை. அது சரியான கேள்வி. குண்டைச் சுழலவைப்பதைத் தவிர அந்தப் பள்ளங்களுக்கு வேறு பயன் கிடையாது.

அதே அளவுகோலைத் துளைத் தண்டுகள் மேல் வைத்துப் பாருங்கள் என்றேன். அவற்றில் பள்ளம் இல்லை. ஊடுதுளை போட்ட எஃகு எத்தனையோ பட்டறைகளில் எத்தனையோ வேலைக்குப் போகிறது. எல்லாம் ஒரே பார்சலில் வந்தது என்பதற்காக ஒன்றின் தன்மை மற்றதற்கு ஒட்டிக்கொள்ளாது. முதல் ஆணையில் இது எடுபடவில்லை. மொத்தமும் பறிமுதல் என்றார்கள். மேல்முறையீட்டில் எடுபட்டது. தண்டுகள் 73-ஆம் அத்தியாயப் பொருள் என்று விடுவிக்கப்பட்டன. வரியோடிய பிளாங்குகள் 9305-இல் நின்றன. மீட்பு அபராதம் கட்டி அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப அனுமதி கிடைத்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது 114ஏஏ விழுந்ததுதான். தெரிந்தே பொய் விவரம் கொடுத்தவருக்கான பிரிவு அது. அபராதம் பொருளின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை போகலாம், ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும் கறை வேறு. கட்சிக்காரர் விற்றவருக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே ‘பேரல் பிளாங்க்’ என்று எழுதி, தன் லைசென்ஸ் நகலையும் இணைத்திருந்தார். மறைக்க நினைப்பவர் லைசென்ஸ் நகலை அனுப்பமாட்டார் என்ற என் வாதத்தை ஆணையர் ஏற்றார். 112-இன் கீழ் சிறு தொகை மட்டும் கட்டினோம்.

ஆயுதப் பாகத்தின் மேல் சட்டம் இறுக்கமாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை, இருக்கத்தான் வேண்டும். ஆனால் நேர்மையான பழுதுபார்ப்பவரும் கள்ளச் சந்தைக்காரரும் ஒரே நோட்டீஸை வாங்கும் நிலை நியாயமில்லை. முறையான வழி சுலபமாகத் தெரிந்தால் பிள்ளைகளின் செலவு குறையும், குறுக்குவழி தேடுவதும் குறையும்.

பிறகு அவர் இறக்குமதி லைசென்ஸுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்து வாங்கினார். இந்த முறை வேறொரு விற்பனையாளர். ஆர்டரோடு இன்வாய்ஸ் வாசகத்தையும் நாங்களே எழுதி அனுப்பினோம்: வரியோடிய ரைஃபிள் குழல் பிளாங்க், 0.22, தலைப்பு 9305, கூடவே லைசென்ஸ் எண்.