கடையைப் பூட்டிட்டு ரஷ்யா போன டீக்கடைக்காரர்



கொச்சி கடவந்த்ராவில் "ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்" என்று ஒரு சின்ன கடை. நடத்தியவர் கே.ஆர்.விஜயன். கூடவே நின்றவர் அவர் மனைவி மோகனா.

டீயும் பலகாரமும் விற்ற காசில் இருவரும் 26 நாடுகளைச் சுற்றினார்கள்.

2021 அக்டோபரில் ரஷ்யா. திரும்பி வந்து சில வாரங்கள்தான். நவம்பர் 19 அன்று மாரடைப்பில் விஜயன் இறந்துபோனார். வயது 71.

அப்போது பலர் அவருக்கு அஞ்சலி எழுதினார்கள். நான் எழுதவில்லை. ஆனால் திருத்தணியில் ஓ.பி. பார்க்கும்போதெல்லாம் இந்த மனிதர் அடிக்கடி நினைவுக்கு வருகிறார். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அவர் கணக்கு.

தினமும் வியாபாரத்தில் 300 ரூபாயைத் தனியாக எடுத்து வைப்பார். வருஷத்துக்கு 1,09,500 ரூபாய். வெளிநாட்டு டூருக்கு இது பத்தாது. அதனால் மீதிக்குக் கடன் வாங்குவார். போய் வந்ததும் அடுத்த சில வருஷம் டீ ஆத்தி அந்தக் கடனை அடைப்பார். அடைத்ததும் அடுத்த நாடு! சம்பளம் மிச்சமாகட்டும் என்று கடையில் வேலைக்கு ஆளே வைக்கவில்லை. எல்லாம் இவர்கள் இருவர்தான்.

2007இல் இஸ்ரேலில் ஆரம்பித்த வெளிநாட்டுப் பயணம் இது. கடைச் சுவர் முழுக்கப் போன இடங்களின் போட்டோக்கள். இவர்களைப் பற்றி "இன்விசிபிள் விங்ஸ்" என்று ஓர் ஆவணப்படம் வந்து விருதும் வாங்கியது. 2019இல் ஆனந்த் மஹிந்திரா இவர்களைப் பற்றி ட்வீட் போட, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணத்துக்கு ஸ்பான்சர் கிடைத்தது. மற்ற பயணங்கள் பெரும்பாலும் சொந்தக் காசும் கடனும்தான்.

"கடன் வாங்கி ஊர் சுத்தணுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லோரும் அப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடன் வாங்கி காதுகுத்துக்கு ஆயிரம் பேருக்குப் பிரியாணி போடும் நாம் அவரைக் கேட்கலாமா என்பதும் ஒரு கேள்விதான் 😊

"அந்த வயசுல சுத்தினதாலதான் ஹார்ட் அட்டாக்" என்றும் சிலர் எழுதினார்கள். அப்படிச் சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. கடையை விட்டு நகராமலேயே ஐம்பதுகளில் மாரடைப்போடு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இப்போது எங்க ஊருக்கு வருகிறேன்.

திருத்தணி கோயில் ஊர். மலையேற 365 படி. வருகிற கூட்டத்துக்குச் சோறு போடுவது சின்னச் சின்ன ஓட்டல்கள்தான். அவர்களுக்குக் காலை நாலு மணிக்கு அடுப்பு பற்ற வேண்டும். ஊருக்கெல்லாம் ஏழு மணிக்கு இட்லி கொடுத்துவிட்டு அவர்கள் சாப்பிடும்போது மணி பதினொன்று. நடுவில் ருசி பார்த்த வடை, சர்க்கரை போட்ட நாலு டீ. நின்றே வேலை செய்வதால் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நிற்கும். சுகர் இருக்கும், பிரஷர் இருக்கும். மாத்திரை? "கல்லாப்பெட்டியில இருக்கு டாக்டர்."

அப்படி ஒருவர் வந்தார் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). சுகர் பேஷன்ட். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குது, வியர்க்குது. "கேஸ்தான் டாக்டர், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்றார். சோடா அவர் கடையிலேயே இருக்கிறது, அதுதான் பிரச்சினை. சுகர் இருப்பவர்களுக்கு மாரடைப்பு பல நேரம் நெஞ்சு வலி இல்லாமலே வரும். மூச்சு வாங்குவதும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது வியர்ப்பதுமே அறிகுறி. சோடாவை வைத்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

இசிஜியில் மாற்றம் இருந்தது. ஆஞ்சியோகிராம் பார்க்கணும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செலவில்லாமல் பார்க்கலாம், சென்னைக்கு எழுதித் தர்றேன், உடனே கிளம்புங்கள் என்றேன்.

"ஆடிக் கிருத்திகை முடியட்டும் டாக்டர்."

முடிந்தது. ஆளைக் காணோம். சொல்லி அனுப்பினேன்.

"புரட்டாசியில திருப்பதி போறவங்க கூட்டம் வரும்."

அப்புறம் ஐயப்ப சீசன். அப்புறம் டிசம்பர் 31 படித் திருவிழா. எங்க ஊரில் ஓட்டல்காரர் சாவகாசமாக நோயாளி ஆவதற்கு காலண்டரில் இடமே கிடையாது.

கடைசியில் அவர் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். "ஆயன மாட்ட வினரு சார்" என்றார் அந்த அம்மா. இவர் சொல் பேச்சு கேட்க மாட்டார்னு அர்த்தம்.

எனக்கு அட்வைஸ் தீர்ந்துபோயிருந்தது. போனை எடுத்து விஜயன், மோகனா போட்டோவைக் காட்டினேன். டீக்கடைக்காரர், 26 நாடு என்றேன். அம்மா போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

அண்ணன் கேட்டது ஒரே கேள்வி.

"இவரு போயிருந்தப்ப கடையை யாரு பார்த்துக்கிட்டாங்க?"

"யாரும் இல்ல. பூட்டிட்டுப் போனார்."

"பூட்டிட்டா?"

"பூட்டிட்டுத்தான். திரும்பி வந்து திறந்தார். அதே ஆளுங்க அதே டீயைக் குடிக்க வந்தாங்க."

அவர் பேசவில்லை. அம்மா மட்டும் "நாம கன்னியாகுமரிகூடப் பார்த்ததில்ல" என்றார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாம்.

அந்த வாரமே கடையில் "4 நாள் விடுமுறை" என்று அட்டை தொங்கியது. ஆஞ்சியோவில் ஒரு பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். இன்னும் ஒரு கிருத்திகை தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

போன மாதம் ரிவ்யூவுக்கு வந்தார். மாத்திரை இப்போது சட்டைப் பையில். கன்னியாகுமரிக்கு ரெண்டு டிக்கெட் போட்டிருக்கிறாராம், ட்ரெயினில் போகலாமா என்று கேட்டார். தாராளமாகப் போங்க, மாத்திரையைப் பெட்டிக்குள் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்க என்றேன்.

எழுந்தவர் திரும்பிச் சொன்னார்.

"அந்த நாலு நாளும் நம்ம கஸ்டமர் எல்லாம் எதிர்க்கடையிலதான் சாப்பிட்டானுங்க டாக்டர். அஞ்சாவது நாள் நம்மகிட்ட வந்து, அவன் சாம்பார்ல உப்பே இல்லைன்னு திட்டுறானுங்க!"