மாவுப்பூச்சிக்கு எந்தக் கிளை?

சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளியைச் சுற்றித் திரண்டுள்ள அறிவு, நோயற்ற கரணையைத் தேர்ந்து நடுவதில் தொடங்கி, கிழங்கின் மாவுச்சத்தைப் பாயின்ட் கணக்கில் அளந்து சேகோ ஆலையில் விலை பேசுவது வரை, ஏட்டில் இருப்பதைவிட ஆட்களின் நினைவிலேயே மிகுதியாக இருக்கிறது. அதைக் கணினியில் தொகுக்க முனைவோர்க்கு மனவரைபடம் இணக்கமான கருவியாகத் தோன்றும். நடுவில் ஒரு பொருளை எழுதி, அதிலிருந்து கிளைகளும் துணைக்கிளைகளும் விரியும்படி வரையும் இம்முறையை டோனி புசான் 1974இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியே பரவலாக்கினார். அவ்வரைபடத்தின் கோப்பைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளருடன் இணைத்து, வினா எழுப்பவும் புதுக் கிளை சேர்க்கப் பணிக்கவும் இன்று இயல்கிறது. உதவியாளர் தனக்கு வெளியே உள்ள கோப்புகளையும் கருவிகளையும் அணுகுவதற்கான பொது நெறியாக ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் அவ்விணைப்புக்கு ஒரு வழி.

இணைந்த பின் உதவியாளர் படிப்பது படத்தை அன்று. ஃப்ரீமைண்ட் என்னும் மென்பொருளின் கோப்பைப் பிரித்தால், ஒரு கணுவுக்குள் மற்றொரு கணு அடங்கியதாக அடுக்கப்பட்ட எக்ஸ்எம்எல் எழுத்துவரிகளே இருக்கும். எக்ஸ்மைண்டின் கோப்போ சுருக்கிக் கட்டிய பொதியாக இருந்து, உள்ளே அதே அடுக்கை வேறு வடிவில் வைத்திருக்கும். ஆகவே, எது எதற்குள் அடங்கும் என்பதை இயந்திரம் ஐயமின்றி அறியும். ஒரு கணுவுக்குச் சிவப்பு இட்டிருந்தால் அந்நிறத்தின் குறியீடும் அதற்குக் கிடைக்கும். அச்சிவப்பு அவசரத்தைக் குறிக்கிறதா, ஆலையிலிருந்து வரவேண்டிய பாக்கியைக் குறிக்கிறதா என்பது வரைந்தவர் மனத்தில் மட்டுமே உள்ளது.

இக்குறை எங்கே இடராகும் என்பதை இவ்வட்டாரம் கண்ட மாவுப்பூச்சிகள் காட்டும். 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, பருத்தி, மரவள்ளி எனப் பல பயிர்களிலும் பரவியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள், அதாவது பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் மிகச் சிறிய குளவிகள், அதை அடக்கின. அவற்றுள் முதன்மையானது அசெரோஃபேகஸ் பப்பாயே. 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டுப் பின்னர் இங்கும் வந்துசேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி வேறோர் இனம். அதற்கு அக்குளவி உதவாது. 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைச் சூறையாடிய இப்பூச்சியைப் பராகுவேயில் கண்டெடுத்த அனகைரஸ் லோபெசி என்னும் குளவியைக் கொண்டே அங்கு அடக்கினர். அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவி பெனினிலிருந்து வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. மாவுப்பூச்சி என்று ஒரே கணுவை வைத்து அதன்கீழ் இரு குளவிகளையும் எழுதிய வரைபடத்தை, வரைந்தவர் குழப்பமின்றிப் படிப்பார். உதவியாளரோ இரண்டும் ஒரே பூச்சிக்கான மாற்று வழிகள் என்று, நல்ல தமிழில், சற்றும் தயங்காமல் விடை சொல்லிவிடக்கூடும்.

கணுவை இரண்டாகப் பிரிப்பதால் மட்டும் சிக்கல் தீராது. பப்பாளி மாவுப்பூச்சிக்கு மரவள்ளியின் கீழும் மல்பெரியின் கீழும் பப்பாளியின் கீழும் இடம் உண்டு. ஒரு பொருளை ஒரே கிளையில் அடைக்கும் மர அமைப்பு அதற்குப் போதாது. நூலகத்தில் இதே இடர்ப்பாட்டை எதிர்கொண்ட எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், நூலுக்கு ஒற்றைக் கிளையைத் தேடாமல் அதன் பல முகங்களைத் தனித்தனியே குறித்துக் கோக்கும் வழியை வகுத்தார். மனவரைபடத்தில் அவ்வேலைக்கு உரியது கிளைகளுக்குக் குறுக்கே இழுக்கும் அம்புக்கோடு. ஃப்ரீமைண்டின் வழிவந்த ஃப்ரீபிளேனில் அக்கோட்டின்மீது எழுதவும் இடமுண்டு. பலர் அதை அலங்காரமெனக் கருதி விட்டுவிடுகின்றனர். தாக்குகிறது, அடக்குகிறது, கரணை வழியே பரவுகிறது என்று எழுதினால்தான் உறவின் தன்மை கோப்புக்குள் வரும். உதவியாளரை இணைப்பதன் பெரும்பயன், விடை விரைந்து கிடைப்பதைவிட, இவ்வாறு எழுத நேர்வதில்தான் உள்ளது எனலாம்.

படிக்கும் உரிமையை உதவியாளருக்கு முழுதும் தந்து, எழுதும் உரிமையை முன்மொழிவு என்னும் தனிக்கிளையோடு நிறுத்துவது தக்கது. இல்லையேல், பழைய ஆப்பிரிக்க ஆய்வுகள் எபிடினோகார்சிஸ் லோபெசி என்று குறிப்பதும் ஏத்தாப்பூரில் விடப்பட்டதும் ஒரே குளவிதான் என்பது பதியப்படாத கோப்பில், மூன்றாவது குளவி ஒன்று தானாக முளைத்துவிடக்கூடும்.